தகரக் கூரை வீட்டில் ஹீட்டர் செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி (ஊட்டி):
12-க்கு 12 அடி படுக்கையறை. மேலே தகர ஷீட், அடியில் பலகை சீலிங். 2000 வாட் ஹீட்டர் ராத்திரி 5 மணி நேரம் ஓடுகிறது, அதுவே 10 யூனிட். மழையில்லாத நாளிலும் விடிகாலையில் சீலிங் சொட்டுகிறது. சுவரா, கூரையா, எதை முதலில் பார்ப்பது?

பதில் 1 (குன்னூர்):
கூரைதான், யோசிக்கவே வேண்டாம். பலகைக்கு மேல் 50 மி.மீ. கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) இரண்டு அடுக்கு, மேலடுக்கைக் குறுக்காக விரியுங்கள். மொத்தம் 288 சதுர அடி. சேதாரத்துக்குச் சேர்த்து 310 வாங்கலாம். அமுக்கித் திணிக்காதீர்கள், உள்ளே அடைபட்ட காற்றுதான் வேலை செய்கிறது. கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

சொட்டுவது ஒழுகல் இல்லை. அறையின் ஈரக்காற்று பலகை இடுக்கில் ஏறி, குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்க்கிறது. அதனால் முதலில் பலகைமேல் பாலிதீன் ஷீட், இணைப்பில் 6 அங்குலம் ஏற்றி டேப். வூலுக்கும் தகரத்துக்கும் நடுவே 2 அங்குலம் காலி. இறவாரத்தில் இரு பக்கமும் காற்று போக வழி, எலி வராமல் வலை.

பதில் 2 (கோத்தகிரி):
பாலிதீனை வூலுக்கு மேலே விரித்துவிடாதீர்கள். ஈரம் அடியிலேயே தங்கி வூல் ஊறிவிடும், பலகையும் போச்சு. பழைய வயரிங் வூலுக்குள் புதைந்தால் சூடேறும்; முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கதவடி இடைவெளிக்கு பிரஷ் ஸ்ட்ரிப், ஜன்னலுக்கு ஃபோம் டேப்: ஒரு மணி நேர வேலை.

பதில் 3 (கொடைக்கானல்):
ஒன்று மட்டும். இடுக்கெல்லாம் அடைத்த அறையில் கரியடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.