கூண்டில் சிக்கிய எலிக்கு எந்த ஏர் பிஸ்டல்? தென்னாப்பிரிக்காவில் உள்ள நம்மவர்களின் அனுபவங்கள்

டோங்காட் கோழிவீடு:

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் கரும்பு. வெட்டு தொடங்கித் தோகைக்குத் தீ வைத்தால் போதும், எலிகள் எல்லாம் வீடுகளைப் பார்த்து வந்துவிடும். கோழித் தீவனம், முட்டை, குஞ்சு எதுவும் தப்பாது. ஆனாலும் விஷம் வைப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். 2024 அக்டோபரில் சொவெட்டோ நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்தார்களே, டெர்பூஃபோஸ் என்ற பூச்சிமருந்துதான் காரணம் என்று அரசே அறிவித்தது. அந்த மாதிரி மருந்தைத்தான் பொட்டலம் கட்டி, எலிமருந்து என்று தெருவோரத்தில் விற்கிறார்கள். கடையில் வாங்கும் எலிமருந்தையும் நான் நம்புவதில்லை. அதைத் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை தூக்கினால் ஆந்தையும் போய்ச் சேரும். எலி பிடிக்கும் ஆந்தையைக் கொன்றுவிட்டு எலி அதிகம் என்று புலம்பி என்ன பயன்?

ஆகவே கம்பிக்கூண்டு. காலையில் கூண்டுக்குள் உயிரோடு இருப்பதை என்ன செய்வது என்பதுதான் அடுத்த சிக்கல். எங்கள் பக்கம் பலரும் கூண்டோடு தண்ணீர் டிரம்மில் முக்குவார்கள். அந்தப் போராட்டத்தை நின்று பார்த்தவருக்கு மறுபடி மனசு வராது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும் மூழ்கடிப்பதை ஏற்கத்தகாத முறை என்றே சொல்கின்றன. தூரத்தில் கொண்டுபோய் விட்டால் தொல்லை இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஏர் ரைஃபிள் ஏற்கெனவே இருந்தது. கூண்டின் முன்னால் குந்திக்கொண்டு அந்த நீளக் குழலைச் சரிப்படுத்துவதற்குள் எலி மிரண்டு நாலு மூலைக்கும் ஓடும். பிஸ்டலை ஒரு கையில் பிடித்து மேலிருந்து நேராக இறக்கலாம். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அது லேசான பெல்லட்டை (குழலில் போடும் சின்னக் குண்டு) வைத்து அளந்த வேகம். அடியின் பலம் எத்தனை ஜூல் என்று கேளுங்கள். எஃகுக் குண்டு போடும் விளையாட்டு பிஸ்டல்கள் பெரும்பாலும் 3 ஜூல் பக்கம்தான் நிற்கும். சாக்கடை எலியின் மண்டைக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. 5, 6 ஜூலாவது வேண்டும், உள்ளே புரி வெட்டிய குழல் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தில் அடிக்க வேண்டும். நான் வைராக் எச்.டபிள்யூ.45 எடுத்தேன், 4.5 மி.மீ., ஸ்பிரிங் வகை. பிஸ்டலின் பின்னால் இருக்கும் சுத்தியல் போன்ற விசையை அழுத்தினால் மேல்பாகம் விடுபடும். அதைப் பின்னாலிருந்து தூக்கி முன்பக்கம் மடக்கினால் ஸ்பிரிங் ஏறிவிடும். கேஸ் குப்பியில் சுடும் பிஸ்டலைப் போல, கேஸ் தீர்ந்துபோகுமோ என்ற கவலை இல்லை. கனம் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல்.

கிட்டத்தில் சுடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குறி பார்க்கும் முளை குழலுக்கு மேலே இருக்கிறது. பத்து மீட்டர் பக்கம் சேரும்படி குறியைச் சரிசெய்திருந்தால், ஒரு சாண் தூரத்தில் பெல்லட் குறிக்குக் கீழேதான் படும், ஏறக்குறைய முளைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு. எலியின் தலை எவ்வளவு சின்னது! அந்த விரற்கடை தவறினால் தாடையில் படும், அது பெரும் வதை. அதனால் மண் நிரப்பிய பெட்டியில் அட்டையைச் சாய்த்து, காசளவு புள்ளி வைத்து, அதே ஒரு சாணில் சுட்டுப் பழகுங்கள். எங்கே படுகிறது என்று கைக்குப் படிந்த பிறகு கூண்டுக்குப் போகலாம். மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதுக்குக் கோடு போட்டால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் குறி.

லெனேசியா அக்கா:

அண்ணா சொன்ன ஸ்பிரிங் வகையைக் கடையில் இழுத்துப் பார்த்தேன். என் மணிக்கட்டு வலிக்கு அது ஒத்துவரவில்லை. நான் எடுத்தது கிராஸ்மன் 2240. 5.5 மி.மீ., ஒரு தடவைக்கு ஒரு பெல்லட், 12 கிராம் கேஸ் குப்பி. இழுக்கச் சுலபம், டிரிக்கரும் கைக்கு அடங்குகிறது.

ஆனால் கேஸ் பிஸ்டல் வாங்குகிற ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலம்) ஆட்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குப்பிக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தம் தரும், 0 டிகிரியில் சுமார் 35 பார்தான். இங்கே ஜூன், ஜூலை காலையில் புல்லெல்லாம் உறைபனி. ராத்திரி முழுக்க கராஜில் கிடந்த பிஸ்டலை எடுத்துச் சுட்டால் வழக்கமான பலத்தை நம்ப முடியாது. வேகமாக அடுத்தடுத்து சுட்டாலும் குப்பி குளிர்ந்து பலம் இறங்கும். நான் பிஸ்டலை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன். கூண்டுக்குப் போகும் முன்னால் மண்ணில் ஒன்று சுட்டுச் சத்தம் கேட்பேன். சத்தம் சோர்ந்திருந்தால் புதுக் குப்பி மாற்றாமல் எலியிடம் போகமாட்டேன். குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று பார்ப்பது அந்த உயிருக்குச் செய்கிற அநியாயம்.

டர்பன் பக்கம் உள்ளவர்களுக்குக் குளிர் பிரச்சினை இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை விட்டுவிடாதீர்கள், அது போதும்.

என் எலிகள் கிளிக்கூண்டு தினைக்கு வருபவை. பொறி விழுந்திருந்தால் முதலில் ஒரு கனத்த சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வீட்டுக்குள் போய்த் தேநீர் போடுவேன். இருட்டில் எலி அடங்கிவிடும். திரும்பி வந்து சாக்கின் ஒரு ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் விலக்குவேன். பெரும்பாலும் அது மூலையில் ஒடுங்கி மீசையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். குழல்முனையைக் கம்பிக்கு இடையில் வைக்க வேண்டும். பெல்லட் கம்பியில் உரசினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

சுட்டதும் பின்கால் உதைக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் உயிர் இருக்கிறது என்று கலங்கிவிடுவார்கள். மூளை போன பிறகும் அந்த உதறல் சற்று நேரம் இருக்கும். விலா ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், ஒரு துரும்பால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தாலோ லேசாகச் சந்தேகம் வந்தாலோ யோசிக்காமல் அடுத்த பெல்லட். அதற்காக அடுத்த பெல்லட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் பெரியவர்:

தம்பி, தங்கச்சி, இரண்டு பேரும் பொறுப்பாக எழுதியிருக்கிறீர்கள். நான் கோயில் களஞ்சியம் பார்த்துக்கொள்கிறவன். அரிசி, பருப்பு, கூழுக்கான மாவு எல்லாம் அங்கேதான். என்னைக் கேட்டால் எல்லாருக்கும் பிஸ்டல் தேவையே இல்லை. நல்ல பலமான அடிப்பொறியைச் சுவர் ஓரமாகக் குறுக்கே வைத்தால் கழுத்தில் விழுந்து ஒரே அடியில் முடிந்துவிடும். கை நடுங்குகிறவர், கண் மங்கியவர் அதையே வைத்துக்கொள்ளட்டும். கோழியோ பூனையோ பிள்ளைகளோ நடமாடும் இடத்தில்தான் கூண்டும், அப்புறம் பிஸ்டலும்.

புரட்டாசியில் நாங்கள் பொறியும் வைப்பதில்லை, கூண்டும் வைப்பதில்லை. மூடிபோட்ட இரும்பு டிரம்மில் தானியத்தை வைத்து, ஓட்டையெல்லாம் கம்பிப்பஞ்சு திணித்து சிமெண்ட் பூசிவிடுவோம். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். உண்மையில் அந்த மாதத்துக்காகச் செய்த அடைப்பு வேலைதான் வருஷம் முழுக்க எங்களைக் காப்பாற்றுகிறது.

இன்னொன்று. கூண்டு வைத்தவர் அதைத் தினம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தே ஆகவேண்டும். 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அதே சட்டத்தில், பிடிபட்டு நம் கைவசம் இருக்கும் காட்டு உயிரும் 'விலங்கு' என்றுதான் வருகிறது. கூண்டுக்குள் வந்துவிட்டால் அதன் வேதனைக்கு நாம்தான் பொறுப்பு. ஊருக்குப் போகிறீர்களா, கூண்டின் கதவைக் கட்டிவிட்டுப் போங்கள்.

வெருலம் தம்பி:

எஃகுக் குண்டு பிஸ்டலைப் பற்றி டோங்காட் அண்ணா சொன்னது ரொம்பச் சரி. எங்கள் மாமா மகனுக்கு ஒரு கடையில் எலிக்கு இதுவே போதும் என்று சொல்லி, பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே இருக்கும் ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கூண்டு சிமெண்ட் தரையில் இருந்தது. குண்டு எலியை உரசிக்கொண்டு தரையில் பட்டுத் தெறித்து அவன் கன்னத்தில் அடித்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு விரல்தான் இடைவெளி. எலி அரை உயிராக வீறிட்டுக்கொண்டிருந்தது, நான் ஓடிப்போய் அதை முடித்தேன். எஃகுக் குண்டு நசுங்காது, அப்படியே திரும்பி வரும். ஈயப் பெல்லட்டும் தெறிக்கும், கொஞ்சம் குறைவு. கூண்டை மண்தரையிலோ, மணல் நிரப்பிய தட்டிலோ வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் டிரிக்கரில் விரல் வைக்க வேண்டும்.

சட்டம் கேட்கிறவர்களுக்கு: 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஏர்கன் துப்பாக்கிக் கணக்கில் வராது, லைசென்ஸ் வேண்டியதில்லை. அதே சட்டம் ஏர்கன்னைக் காரணமில்லாமல் ஆள் மேல் நீட்டுவதையும், பிறருக்கு ஆபத்து வரும்படி கையாள்வதையும் குற்றம் என்கிறது. உள்ளே பெல்லட் இல்லை என்றாலும் நீட்டினால் குற்றம்தான். பக்கத்து வீட்டாரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கையில் பிஸ்டலோடு கொல்லையில் குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

சாட்ஸ்வொர்த்:

மாம்பழ சீசனில் குரங்கு கூரையில் ஏறி அட்டகாசம். விரட்ட ஒரு பெல்லட் போடலாமா?

லெனேசியா அக்கா:

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். டர்பன் பக்கம் காயத்தோடு பிடித்துக் காப்பாற்றும் வெர்வெட் குரங்குகளை எக்ஸ்ரே எடுத்தால் உடம்புக்குள் ஈயப் பெல்லட் தெரிவது அங்கே தெரிந்த கதை. ஒரு பெல்லட்டில் அது சாகாது. குட்டியைச் சுமந்துகொண்டே நாள்கணக்கில் அழுகிச் சாகும். ஜன்னலுக்கு வலை போடுங்கள், குப்பைத்தொட்டிக்குப் பூட்டு போடுங்கள், தண்ணீர்க் குழாயைத் திருப்பிப் பீய்ச்சுங்கள். இங்கே பேசுவது கூண்டுக்குள் அசையாமல் இருக்கும் எலியைப் பற்றி, ஒரு சாண் தூரத்தில். கூரையில் ஓடும் உயிரை பிஸ்டலால் சுடுவது எந்தக் கணக்கிலும் இரக்கம் ஆகாது.

டோங்காட் கோழிவீடு:

அக்கா சொன்னதற்கு மேலே சொல்ல ஒன்றும் இல்லை. குரங்கு மட்டும் இல்லை, கரும்புக்காட்டு எலியும் அப்படித்தான், ஜூலுக்காரர்கள் இவோண்ட்வே என்பார்களே. அது மூன்று நாலு கிலோ வரும், மண்டையும் கனம். பெரிய கூண்டில் அது சிக்கினால் பிஸ்டலை எடுக்காதீர்கள். கதவைத் திறந்து கரும்புப் பக்கமே விடுங்கள், காயம் பட்டிருந்தால் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வைக் கூப்பிடுங்கள்.

பெல்லட் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போடுவது தட்டைத் தலை, மென்மையான ஈயம். குழிமுனை பெல்லட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், பிஸ்டல் வேகத்தில் அது விரியாது. ஈயம் உள்ளே இருப்பதால் செத்த எலியை நாய்க்கோ பருந்துக்கோ எறியக் கூடாது. கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதைத்துவிட்டு, கூண்டை பிளீச் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், கையில் சின்னக் கீறல் இருந்தாலும் அது வழியாக ஏறிவிடும்.