உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை: இப்போதே எதைப் பழகிக்கொள்ள வேண்டும்?

கேள்வி: நீலவானம்

அனைவருக்கும் வணக்கம். இன்னும் ஆறு வாரத்தில் எனக்கு உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. என் உடல் நிறைக் குறியீடு 41. சர்க்கரை நோய்க்காகக் காலையில் மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறேன். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பரிசோதனையில் தெரிந்ததால் மூச்சுப்பாதை மூடாதபடி முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சி-பேப் கருவியை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைப்பதும், குறைந்த எடை வட்டியோடு திரும்பி வருவதுமாகவே பல ஆண்டுகள் ஓடிவிட்ட பிறகு எடுத்த முடிவு இது. ஆகவே, "கொஞ்சம் வாயைக் கட்டினால் போதாதா?" என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மருத்துவர் முதலில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் ஸ்லீவ் முறையைத்தான் பரிந்துரைத்தார். வாரத்தில் சில இரவுகள் நெஞ்செரிச்சல் வருவதுண்டு என்று நான் சொன்னதும், எண்டோஸ்கோபி (வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முடிவைப் பார்த்துவிட்டு ஸ்லீவா இரைப்பை பைபாஸா என்று முடிவு செய்யலாம் என்கிறார். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மாவுச்சத்து மிகவும் குறைந்த உணவு மட்டுமே உண்ண வேண்டுமாம். அது எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. என் மன உறுதியைச் சோதித்துப் பார்க்கிறார்களா?

மருத்துவமனையில் இருக்கும் நாட்களைப் பற்றி எனக்குப் பெரிய அச்சமில்லை. அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஆறு மாதமோ இரண்டு ஆண்டுகளோ கழிந்த பின் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும், அதற்காக இப்போதே எதையெல்லாம் பழகிக்கொள்ளலாம் என்பதை அனுபவப்பட்டவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: கரையோரம்

வணக்கம். நான் சில ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் செய்துகொண்டவன். நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்வியைப் பெரும்பாலோர் அறுவை முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். இப்போதே கேட்பது நல்லது.

அந்த இரண்டு வார உணவு கல்லீரலுக்காக. கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின் மேற்பகுதியை மூடியபடி இருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதில் கொழுப்பு படிந்து, அது பெருத்தும், தொட்டால் எளிதில் ரத்தம் கசியும் நிலையிலும் இருக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில், கல்லீரலை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையின் மேல் முனையை எட்ட முடியும். மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரலில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு சேர்ந்திருக்கும் நீரும் முதலில் கரைகின்றன. பிறகு கொழுப்பும் ஓரளவு குறைந்து கல்லீரல் சுருங்குகிறது. "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று கடைசி வாரத்தில் விருந்து உண்பவர்கள், தங்கள் வயிற்றுக்குள் மருத்துவரின் கருவி நடமாட வேண்டிய இடத்தைத்தான் குறைத்துக்கொள்கிறார்கள்.

நெஞ்செரிச்சலை எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு அப்படியே சொல்லிவிடுங்கள். பைபாஸ் பெரிய அறுவை, ஸ்லீவ் சிறியது என்ற எண்ணத்தில் சிலர் அதை மறைக்கிறார்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றிவிடுவதால் எஞ்சுவது ஒடுக்கமான ஒரு குழாய்தான். அதனுள் அழுத்தம் கூடுவதால் எதுக்களிப்பு சிலருக்குப் புதிதாக வருகிறது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அதிகரிக்கவும் கூடும். அகற்றிய பகுதியைத் திரும்ப வைக்க வழியில்லை. பைபாஸில் உணவுக்குழாயின் கீழே ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையை உண்டாக்கிச் சிறுகுடலோடு இணைப்பதால், அமிலம் சுரக்கும் பெரும்பகுதி உணவு செல்லும் வழியிலிருந்து விலகிவிடுகிறது. ஆகவே நெஞ்செரிச்சல் பெரும்பாலும் தணிகிறது. அதற்கு ஈடாகச் சத்துக்குறைவுக்கான வாய்ப்பு கூடுகிறது; டம்பிங் என்ற தொல்லையும் வருகிறது. இனிப்பு அதிகமாகச் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் பிசைந்து, படுத்தால் போதும் என்றாகிவிடும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்குவதும் உண்டு.

இப்போது பழக வேண்டியது, மெல்வது. ஒரு வாய் உணவை வைத்துவிட்டுக் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். வாயில் உள்ளது கூழாகி இறங்கும்வரை அதைத் தொடாதீர்கள். உண்ணும்போது தண்ணீர் அருந்தாமல் இருப்பதையும், உண்ட பின் அரை மணி நேரம் பொறுப்பதையும் இன்றே தொடங்கிவிடுங்கள். அறுவைக்குப் பின் முதல் மாதங்களில் ஒரே ஒரு வாய் அவசரமாக இறங்கிவிட்டாலும் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஏதோ அடைத்து நிற்கும். வாயில் வழவழப்பான நுரையாக உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், அது கீழே இறங்கும்வரை அல்லது மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இது நடந்த பிறகு யாருக்கும் மெல்வதைப் பற்றி அறிவுரை தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தப் பாடத்தை, அப்படி ஒன்று நடக்காமலேயே கற்றுக்கொள்ளலாமே.

மறுமொழி 2: சத்துக்கணக்கு

நான் இத்துறையில் பணிபுரியும் உணவியலாளர். உங்களுக்கான அளவுகளை உங்கள் மருத்துவக் குழுதான் முடிவு செய்ய வேண்டும்; நான் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் திரவம், பிறகு மசித்த உணவு, அதன் பின் மென்மையான உணவு, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு என்று படிப்படியாக ஏறுவதே நடைமுறை. உள்ளே ஸ்டேப்ளர் போட்ட கோடு ஆறிக்கொண்டிருக்கும்போது, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரு படியைத் தாண்டிவிடுவதில் ஆபத்து இருக்கிறது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதமும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாத நீரும் இலக்கு. தொடக்கத்தில் ஒரு சிறு மருந்துக் குவளை நீரை முடிக்கவே நெடுநேரம் ஆகும். அதனால் புட்டியை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் சிறு மிடறுகளாகப் பருகுவதுதான் வழி. முதல் மாதத்தில் மீண்டும் மருத்துவமனைக்கு வருபவர்களில் கணிசமானோர் நீரிழப்பினால் வருகிறார்கள்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இதைத்தான் மக்கள் நம்ப மறுக்கிறார்கள். பல்சத்து மாத்திரை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, இரும்பு, நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம் என்பது வழக்கமான பட்டியல். கால்சியத்தைச் சிட்ரேட் வடிவில் எடுப்பது நல்லது. அதற்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று உடலில் சேரவிடாது. பி12 குறைவது உடனே தெரியாது. கல்லீரலில் உள்ள இருப்பு தீரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், நலமாக உணர்பவரும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தயமின் என்னும் பி1 இதற்கு நேர்மாறானது. அதன் இருப்பு சில வாரங்களில் தீர்ந்துவிடும். அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குப் பார்வை இரட்டையாவதோ, நடை தள்ளாடுவதோ, குழப்பமோ ஏற்பட்டால் அது அவசர நிலை. மருத்துவமனைக்குச் சென்றதும் அறுவை செய்துகொண்டதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் தயமின் கொடுக்கும் முன் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கக்கூடும்.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொத்துக் கொத்தாக உதிரும். விரைவான எடைக் குறைவுக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. சத்துக்குறைவு இல்லாவிட்டால் சில மாதங்களில் நின்று மீண்டும் வளர்ந்துவிடும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவதும் உண்டு என்பதால், சில மருத்துவர்கள் முதல் ஆறு மாதங்களுக்கு அதற்கென ஒரு மருந்து தருவார்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் நிறுத்தி, பிறகு தொடவே கூடாது. பைபாஸ் ஆனவர்களுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும், புகையும் அப்படியே. உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது, படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகக்கூடும் என்பதால் வேறு முறையைக் கேட்டறிய வேண்டும்.

மறுமொழி 3: நடுநிசி

கரையோரம் சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை, ஒன்றைத் தவிர. மெதுவாக மெல்வதைப் பழகினால் பாதி வேலை முடிந்தது போன்ற எண்ணத்தை அவர் மறுமொழி தருகிறது. மெல்லும் பழக்கத்தைப் புதிய வயிறே கற்றுக்கொடுத்துவிடும். பசியே இல்லாதபோதும் கை உணவைத் தேடிப் போவதை அது கற்றுக்கொடுக்காது.

நான் ஸ்லீவ் செய்துகொண்டேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் சுரக்கும் பகுதி வெட்டப்பட்டுவிடுவதால், முதல் ஆண்டில் சாப்பிட நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் எளிதாகத் தோன்றும். எடைக்கருவி நாள்தோறும் பாராட்டும். ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டில் எடை அதன் அடிமட்டத்தைத் தொட்ட பிறகு பசி மெல்லத் திரும்புகிறது, சிறிது எடையும் திரும்புகிறது. இது எல்லோருக்கும் ஓரளவு நடப்பதுதான். சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் பத்தாண்டுக்குப் பின் தொடக்க எடையில் சராசரியாகக் கால் பங்கு குறைந்த நிலையில் இருந்தார்கள். முதல் ஆண்டில் எட்டியதைவிட அது குறைவுதான். இதைத் தோல்வி என்று எண்ணி மருத்துவரிடம் போகாமல் ஒளிந்துகொள்பவர்களுக்குத்தான் எடை முழுவதுமாக ஏறிவிடுகிறது.

கவலையில் உண்பவரா, சலிப்பில் உண்பவரா, இரவில் தனியாக உண்பவரா என்று இந்த ஆறு வாரத்தில் எழுதிப் பாருங்கள். சிறிய வயிறு பெரிய உணவைத் தடுக்கும். வாயில் கரைகிற இனிப்பும் மொறுமொறுப்பான தின்பண்டமும் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதை அது தடுக்காது. மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் அது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு உணவில் ஆறுதல் தேடியவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டிலிருந்து மதுவில் தேடத் தொடங்குகிறார்கள். மனநல ஆலோசனையை அறுவைக்கான அனுமதிச் சீட்டாக மட்டும் பார்க்காமல், பின்னரும் தொடருங்கள்.

பிறரோடு அமர்ந்து உண்ணும்போது, "ஏன் இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறாய்?" என்று கேட்பார்கள். "இவ்வளவுதான் முடியும்" என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல நீங்கள். வயிற்றிலும் மேற்கையிலும் தோல் தொங்கும். அது உடற்பயிற்சியால் முழுவதுமாகச் சரியாவதில்லை என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் பின்னர் கண்ணாடி முன் நின்று உங்களையே நொந்துகொள்ள மாட்டீர்கள்.

மறுமொழி 4: துணைவன்

என் மனைவிக்கு அறுவை நடந்தது. நான் உடனிருந்தவன் என்ற முறையில் வீட்டாருக்கு ஒன்று சொல்கிறேன். முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓய்விலும் நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, இடது தோளுக்குப் பரவும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தையலில் கசிவு இருந்தால் பல நேரம் வலிக்கு முன் நாடித்துடிப்பே காட்டிக்கொடுக்கும் என்று செவிலியர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். பைபாஸ் ஆனவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஆண்டுகள் கழித்தும், விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம், அதை வாய்வு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நீலவானம்

அனைவருக்கும் நன்றி. நடுநிசி சொன்னபடி எழுதத் தொடங்கினேன். இரவு பத்து மணிக்கு மேல் எழுத வேண்டியவைதான் அதிகம் என்று தெரிகிறது. சத்துக்கணக்கு அவர்களிடம் ஒரு கேள்வி. அந்த இரண்டு வார உணவின்போது இரவு இன்சுலினை வழக்கம்போலவே போட்டுக்கொள்ளலாமா? சி-பேப் கருவியை அறுவைக்குப் பின் விட்டுவிடலாமா?

சத்துக்கணக்கு

வழக்கம்போலவே என்பது கூடாது. மாவுச்சத்து சட்டென்று குறையும்போது பழைய அளவு இன்சுலின் உங்களைத் தாழ்சர்க்கரைக்குத் தள்ளிவிடும். உணவைத் தொடங்கும் நாளுக்கு முன்பே சர்க்கரை நோய் மருத்துவரைச் சந்தித்து, ஒவ்வொரு நாளும் எந்த அளவு, சர்க்கரை எவ்வளவு இறங்கினால் நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலை மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரையாக இருந்தால் அறுவைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு அது சேரும்போது, ரத்தச் சர்க்கரை அளவு இயல்பாகத் தெரிந்தாலும், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடக்கூடும். எடைக் குறைப்பு ஊசி ஏதேனும் போட்டுக்கொள்பவராக இருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

சி-பேப் கருவியை மருத்துவமனைக்கே எடுத்துச் செல்லுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் உடலில் இருக்கும் முதல் இரவுகளில்தான் அது மிகவும் தேவைப்படும். எடை குறையக் குறைய முகக்கவசம் தளரும், அழுத்தமும் மிகுதியாகத் தோன்றும். அப்போது நீங்களாகக் கழற்றி வைக்காமல், அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள். மீண்டும் உறக்கப் பரிசோதனை செய்து, தேவையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு நிறுத்தலாம்.