தண்ணி கேன் ஆப்புக்கு கூகுள் மேப்பா, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பா?

கேன்வண்டி:
எங்க மாமா தாம்பரம் பக்கம் தண்ணி கேன் போடுறார். 640 வீடு, மூணு குட்டி யானை, ஒரு நாளைக்கு 180 ஆர்டர் வரும், மொத்தமும் ஒரு நீள நோட்டுல இருக்கு. நான் அவருக்கு சின்னதா ஒரு வெப் ஆப் எழுதிட்டு இருக்கேன். கஸ்டமர் மேப்புல வீட்ட காட்டணும், டிரைவருக்கு வழி தெரியணும், வண்டி எங்க வருதுன்னு கஸ்டமர் பாக்கணும், அவ்ளோதான். கூகுள் மேப் ஏபிஐ (அவங்க மேப்ப நம்ம ஆப்புக்குள்ள கூப்பிடற வழி) போடவா, இல்ல ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புன்னு ஜனங்களே சேந்து வரையற இலவச மேப், ஓஎஸ்எம், அத போடவா? மாசம் 500 ரூபாய்க்கு மேல மாமா தர மாட்டார், அத மொதல்லயே சொல்லிடறேன்.

சோத்துக்கு_கோடு:
கூகுள் போடு ப்ரோ, யோசிக்கவே வேணாம். 180 ஆர்டர்னா மாசம் 5,400 தடவ மேப் தொறக்கும், 2025 மார்ச்ல இருந்து மேப் காட்டுறதுக்கு மாசம் 10,000 லோடு இலவசம், அதுவும் பொது ரேட்டு, இந்தியாவுக்கு 2024 ஆகஸ்ட்லயே 70% வரைக்கும் கொறச்சாச்சு. உனக்கு பில்லே வராது. ஓஎஸ்எம்ம செட்டப் பண்ண நீ ஒக்காந்து முழிக்கிற ரெண்டு வாரத்துக்கு யாரு காசு தருவா, மாமாவா?

பில்_பாத்தவன்:
"பில்லே வராது"ன்னு தான் எனக்கும் சொன்னாங்க 🙂 கம்பெனி பேர் வேணாம், ஒரு மேப் சேவை. டெலிவரி ஆப்புல வண்டி எப்ப வரும்னு காட்ட அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ ரூட்டு கேக்குற மாதிரி எழுதிட்டேன். கணக்கு போட்டுக்கோங்க: மூணு வண்டி, நிமிஷத்துக்கு 36, மணிக்கு 2,160, எட்டு மணி நேரத்துக்கு 17,280 ரெக்வெஸ்ட், ஆயிரத்துக்கு 5 டாலர்னு வச்சா ஒரே நாள்ல 86 டாலர். நான் பாத்தது நாலாவது நாள். அன்னைக்கு மத்தியானம் சாப்பாடு எறங்கல.

சோத்துக்கு_கோடு:
அது மேப்போட தப்பா தல? உன் டைமரோட தப்பு. வண்டி நகர்றத காட்ட மேப் ஏபிஐய கூப்பிடவே தேவையில்ல. டிரைவர் போன்ல இருந்து ஜிபிஎஸ் உன் சர்வருக்கு வருது, நீயே மார்க்கர நகத்துற, அது ஓசி. "இன்னும் 12 நிமிஷம்"னு போடுறதுக்குத் தான் ரூட்டு வேணும், அத ரெண்டு தெரு தாண்டினா ஒரு தடவ கேட்டா போதாதா?

பில்_பாத்தவன்:
சரி, என் தப்பு தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு சின்ன தப்புக்கு ஒரு மாச வாடகை போற மாதிரி ஒரு பொருள புதுசா எழுதுற பையன் கைல "யோசிக்கவே வேணாம்"னு குடுக்கறீங்க பாருங்க, அதத்தான் சொல்றேன். பட்ஜெட் அலர்ட் வேற வச்சிருந்தேன், அது மெயில் மட்டும் தான் அனுப்பும், நிறுத்தாதுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

நடுராத்திரி_டிப்ளாய்:
தம்பி கேன்வண்டி, இத நோட் பண்ணிக்கோ. கூகுள்லயும் பட்ஜெட் அலர்ட் செலவ நிறுத்தாது. கூகுள் கன்சோல்ல (செட்டிங்ஸ் பக்கம்) ஒவ்வொரு ஏபிஐக்கும் கோட்டான்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, ஒரு நாளைக்கு 500ன்னு நீயே கொறச்சு வை, தாண்டினா எர்ரர் வரும், அதுக்கு மேல பில் ஏறாது. ஏபிஐ கீய (உன் ஆப்ப கூகுளுக்கு அடையாளம் காட்டுற கோடு) உன் சைட்டு டொமைனுக்கு மட்டும்னு பூட்டு, ஆண்ட்ராய்டுன்னா பேக்கேஜ் பேரும் எஸ்ஹெச்ஏ-1 கைரேகையும் (அது உன் ஆப் தான்னு காட்டுற அடையாளம்) குடுத்து பூட்டு. வெப்ல கீ எல்லார் கண்ணுக்கும் தெரியத்தான் செய்யும், மறைக்க முடியாது, பூட்டத்தான் முடியும். இத செய்யாம கீய கிட்ஹப்ல (கோடு போட்டு வைக்கிற சைட்டு) பப்ளிக்கா தூக்கி போட்டுட்டு அழுவறவங்கள வாரம் ஒருத்தரயாவது பாக்கறேன்.

தெருவளந்தான்:
காசு ஒரு பக்கம் இருக்கட்டும், நான் வேற ஒண்ணு சொல்றேன். 2005ல ஏபிஐன்னே ஒண்ணு இல்லாதப்ப பால் ராட்மேக்கர்னு ஒருத்தர் வாடகை வீட்டு விளம்பரத்த எடுத்து கூகுள் மேப்பு மேல ஒட்டி ஹவுசிங்மேப்ஸ்னு ஒரு சைட்டு போட்டார். அதே வருஷம் ஜூன்ல கூகுள் ஏபிஐ விட்டாங்க, அவரயும் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. அப்ப எல்லாம் இலவசம். 2012ல லிமிட் போட்டு காசு கேட்டாங்க, எங்க இருக்கோம்னு பகிர்ற ஃபோர்ஸ்கொயர் ஆப் அந்த வருஷமே ஓஎஸ்எம் பக்கம் தாவிருச்சு. 2018ல கார்டு குடுக்காம கீயே வேல செய்யாதுன்னாங்க, ஒரு நாளைக்கு 25,000 லோடு இலவசமா இருந்தது மாசத்துக்கு 28,000ன்னு ஆச்சு. அப்ப 200 டாலர் கிரெடிட்னு ஒண்ணு குடுத்தாங்க, 2025ல அதயும் எடுத்துட்டு வேற கணக்கு. இன்னைக்கு 10,000ன்னு நம்பி கட்டறீங்க, நாளைக்கு மாத்தினா உங்க மாமா என்ன பண்ணுவார்?

சோத்துக்கு_கோடு:
அண்ணா, 2018ஐ சொல்ற நீங்க 2024ல ஓலா கூகுள விட்டு சொந்த மேப்புக்கு போனதும் ரேட்டு எறங்குனத சொல்ல மாட்டேங்கறீங்களே. ஏறும், எறங்கும், வியாபாரம்னா அப்படித்தான், அரிசி வெல கூடத்தான் ஏறுது. அப்புறம் ஓஎஸ்எம்மும் சும்மா இல்ல. அவங்க பப்ளிக் டைல் சர்வர், அதான் மேப்ப துண்டு துண்டா அனுப்புறது, நன்கொடைல ஓடுது, அதிகமா இழுத்தா சொல்லாம கொள்ளாம பிளாக் பண்ணுவாங்க. அட்ரஸ் குடுத்தா புள்ளி தர்ற அவங்க நாமினேட்டிம்ல செகண்டுக்கு ஒரு ரெக்வெஸ்ட் தான், டைப் பண்ண பண்ண அட்ரஸ் காட்டுறது தடை. கடைசில நீங்களும் யாருக்காவது காசு குடுத்தோ, சொந்தமா சர்வர் வச்சோ தான் ஓட்டணும். எல்லாத்துக்கும் மேல டிராஃபிக்! மழைல சப்வே மூடினா ஓஎஸ்எம்முக்கு தெரியுமா?

தெருவளந்தான்:
டிராஃபிக் கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா அந்த சர்வர் நம்ம மாதிரி ஆளுங்க மேப் வரையறதுக்கு இருக்குறது, அதுல கம்பெனி ஆப்ப அளவில்லாம ஓட்டாதன்னு சொல்றதுல என்ன தப்பு. தாம்பரம் சுத்துவட்டாரத்த மட்டும் வெட்டி பிஎம்டைல்ஸ்ங்கற ஃபார்மேட்ல ஒரே ஃபைலா ஆன்லைன் ஸ்டோரேஜ்ல போட்டா போதும், டைல் சர்வரே வேணாம், மேப்லிப்ரேன்னு மேப் காட்டுற ஒரு லைப்ரரி, பிஎம்டைல்ஸோட சின்ன துணை கோட சேத்துக்கிட்டா, அதுல இருந்து வேணுங்கற துண்ட மட்டும் எடுத்துக்கும். ஒரு தடவ செஞ்சா முடிஞ்சுது. கீழ மூலைல "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்"னு பேர் மட்டும் போடுங்க, அதயும் சில பேர் போட மாட்டேங்கறாங்க, அது தான் எனக்கு வயித்தெரிச்சல்.

கேன்வண்டி:
நடுவுல ஒரு சந்தேகம், சிரிக்காதீங்க. லீஃப்லெட்ல (மேப் காட்டுற இன்னொரு லைப்ரரி) ஓஎஸ்எம் போட்டு பாத்தேன், எங்க மாமா குடோன் கடலுக்கு நடுவுல நிக்குது. ஜூம் அவுட் பண்ணா மேல துருவம் பக்கம் ஐஸா இருக்கு.

நடுராத்திரி_டிப்ளாய்:
😂 தாம்பரம் 12.92 வடக்கு, 80.12 கிழக்கு. திருப்பி போட்டிருக்க, 80.12 வடக்குன்னா ஆர்க்டிக்ல ஸ்வால்பார்டு தீவுங்க பக்கத்துல கடல். ஜியோஜேசன்ல (மேப் டேட்டா எழுதுற ஃபார்மேட்) லாங்கிட்யூட் மொதல்ல, லீஃப்லெட்ல லாட்டிட்யூட் மொதல்ல. எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கும். தண்ணிக்கு பஞ்சம் இல்லாத எடம் தான், விடு.

கேன்வண்டி:
நன்றிக்கா 🙏 அப்புறம் நீங்க எல்லாரும் மேப்ப பத்தி பேசறீங்க, எனக்கு பிரச்சனையே அட்ரஸ் தான். நோட்டுல இருக்குறத அப்படியே தரேன் பாருங்க: "புது நம்பர் 14 பழைய நம்பர் 7, 2வது குறுக்கு, பிள்ளையார் கோயில் பின்னாடி, நீல கேட்டு, மாடி." நாமினேட்டிம் ஒண்ணும் தரல. கூகுள் என்னவோ ஒரு புள்ளி குடுத்துச்சு, 2வது குறுக்குத் தெரு தான், ஆனா வேற நகர்ல இருக்குற 2வது குறுக்குத் தெரு.

சோத்துக்கு_கோடு:
பாத்தியா, கூகுளாவது ஏதோ குடுத்துச்சு.

பில்_பாத்தவன்:
தப்பா குடுக்குறதுக்கு குடுக்காமலே இருக்கலாம் ப்ரோ. "கெடைக்கல"ன்னா டிரைவர் போன் போட்டு கேப்பார், தப்பான புள்ளின்னா நம்பி போவார், கேன இறக்கிட்டு வேற வீட்டுல பெல் அடிப்பார்.

நடுராத்திரி_டிப்ளாய்:
இங்க தான் ரெண்டு பேரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. கூகுள் ஜியோகோடிங்ல (அட்ரஸ புள்ளியா மாத்துறது) வர்ற லாட் லாங்க 30 நாளைக்கு மேல சேத்து வைக்கக் கூடாது, பிளேஸ் ஐடின்னு கூகுள் அந்த எடத்துக்கு குடுக்குற அடையாளத்த மட்டும் வச்சுக்கலாம். அந்த புள்ளிய கொண்டு போய் வேற கம்பெனி மேப் மேல காட்டவும் கூடாது. அதனால "கூகுள்ல தேடி ஓஎஸ்எம்ல காட்டிக்கறேன்"னு சாமர்த்தியமா யாராவது சொன்னா கேக்காத. 640 வீட்டையும் கூகுள்ல தேடி டேட்டாபேஸ்ல போட்டுட்டு அது உன் சொத்துன்னு நினைக்கவும் முடியாது.

ஆனா டிரைவர் வீட்டு வாசல்ல நின்னு பட்டன அமுக்கும்போது போன் ஜிபிஎஸ் குடுக்குற புள்ளி யாரோடதும் இல்ல, உங்களோடது. வாடிக்க வீடுங்க தான? ஒரு சுத்து போய்ட்டு வந்தா எல்லாம் கெடச்சிடும். ஜியோகோடிங்கே வேணாம்.

சோத்துக்கு_கோடு:
சரி, புள்ளி கெடச்சிருச்சு, வழி? அதுக்கு ரூட்டு சொல்ற ஏபிஐ வேணும்ல. ஓஎஸ்எம் டேட்டால வழி கண்டுபிடிக்கிற ஓஎஸ்ஆர்எம்ம சொந்தமா ஓட்டுறதுக்கு அந்தப் பையன் எங்க போவான்?

நடுராத்திரி_டிப்ளாய்:
எந்த ஏபிஐயும் வேணாம். ஆர்டர் பக்கத்துல "வழி காட்டு"ன்னு ஒரு லிங்க் போட்டு அதுல லாட் லாங்க சொருகு, தட்டினா டிரைவர் போன்ல இருக்குற கூகுள் மேப்ஸ் ஆப்பே தொறந்து வழி சொல்லும். கீ இல்ல, பில் இல்ல, உனக்கு பிடிச்ச டிராஃபிக்கும் அதுலயே வரும்.

சோத்துக்கு_கோடு:
...அப்ப கூகுள் தான ஜெயிச்சுது.

பில்_பாத்தவன்:
எதுக்கும் காசு குடுக்காம ஜெயிச்சுது, அது போதும் எனக்கு.

தெருவளந்தான்:
கஸ்டமர் பாக்குற மேப்பு ஓஎஸ்எம் தான், அத மறந்துடாதீங்க.

சோத்துக்கு_கோடு:
அண்ணா விட மாட்டீங்களா. ஆனா ஒண்ணு, நாளைக்கு மாமா 6,000 வீடு, 30 வண்டின்னு வளந்தா, எந்த வண்டி எந்த வரிசைல போகணும்னு கணக்கு போட ஏபிஐ வேணும், அப்ப எல்லாரும் என்கிட்ட தான் வருவீங்க.

கேன்வண்டி:
12 நாள் கழிச்சு வரேன். லிங்க் வச்சாச்சு, லீஃப்லெட்ல மேப் வச்சாச்சு, டிரைவருங்களுக்கு "இங்கதான்"னு ஒரு பட்டன் குடுத்தேன். 640ல 411 வீடு வந்துருச்சு. ஆனா ஒரு சிக்கல், ஒரு டிரைவர் அண்ணன் காலைல டீக்கடைல ஒக்காந்துக்கிட்டே 9 வீட்டுக்கு மொத்தமா பட்டன அமுக்கிருக்கார், ஒம்போது கஸ்டமரும் ஒரே புள்ளில குடியிருக்காங்க.

நடுராத்திரி_டிப்ளாய்:
20 மீட்டருக்குள்ள மூணு வீட்டுக்கு மேல வந்தா செவப்புல காட்டு, அப்பார்ட்மெண்ட்டா இல்லையான்னு மாமா சொல்வார். அக்யுரசி எவ்ளோ மீட்டர்னு போனே தரும், அதயும் சேத்து வை, 50க்கு மேல இருந்தா வாங்காத.

தெருவளந்தான்:
தம்பி, அந்த டீக்கடை பேர் என்ன? ஓஎஸ்எம்ல இல்ல, இன்னைக்கு ராத்திரி போட்டுடறேன்.