புதுப்பிப்பு: அந்த ஒயின் பிஸ்ட்ரோவுக்கு மறுபடியும் போய்வந்தேன்

போன மாதம் எழுதியது நினைவிருக்கலாம்: அந்தச் சிறு உணவகத்தில் கிளாஸ் கணக்கில் கேட்ட சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாகவும் புளிப்பேறியும் வந்தது, சொன்னதற்குப் பரிமாறியவர் "இது இப்படித்தான் இருக்கும்" என்று நகர்ந்துவிட்டார். நீங்கள் பலர் சொன்னபடி மேலாளருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன், அவரே கூப்பிட்டுப் பேசினார், நேற்று போனேன்.

அன்று ஒயின் அப்படி இருந்ததற்குக் காரணம் எளிது. திறந்த பாட்டிலில் காற்று பட்டால் சில நாளிலேயே மணம் தொலைந்து புளிப்பு தட்டும். அவர்களோ திறந்த தேதியைக் குறிக்காமல் அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது தேதிச் சீட்டு ஒட்டி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் வெளியே எடுக்கிறார்கள். பெரும்பாலான சிவப்பு ஒயினுக்கு 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம், அதை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்பது குளிர்ந்த வீடுகளின் காலத்துப் பேச்சு.

நேற்று பரிமாறிய பெண் முதலில் ஒரு வாய் மட்டும் ஊற்றி, "சரியா இருக்கா?" என்று கேட்டு, நான் தலையாட்டும்வரை நின்றுவிட்டு அப்புறம்தான் நிரப்பினார். அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்தது. சாப்பாடு முன்போலவே நன்றாக இருந்தது. பில் வர மட்டும் இன்னும் தாமதம், அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.