எமுலேட்டரில் மேரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான்?

கருப்புக் கேசட்:

பழைய ஆட்டக் கருவியைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருளான எமுலேட்டரை அசல் கருவியோடு ஒப்பிடும்போது நம்மில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறோம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் டிவியில் இணைத்து ஆடியது நின்டெண்டோ செய்த பெட்டியே அல்ல. 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருப்பான். உள்ளே இருப்பவை சொற்பம். மற்றதெல்லாம் அதே மேரியோ வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே ஒப்பிடுவதென்றால் அசல், நகல், எமுலேட்டர் மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமான அசல் ஃபேமிகாமைக் கொண்டுவந்ததால் எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. அதை ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் நேராகச் செருகினால் கருகிவிடும், நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். படமோ ஜப்பானின் ஒன்றாம், இரண்டாம் சேனல் அலைவரிசையில் வரும், நம் டிவி பிடிக்காது. நண்பர் பெட்டியைத் திறந்து, வீடியோ வெளியீட்டுக்கெனத் தனியாகக் கம்பி பற்றவைத்திருந்தார்.

பக்கத்திலேயே மடிக்கணினியில் மெசென் எமுலேட்டர். இரண்டிலும் மேரியோவை ஓடவிட்டோம். வேகத்திலும் ஒலியிலும் எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் இரண்டையும் பார்த்து ஒன்றையேதான் சொன்னார்கள்: "இது நாம் ஆடிய மேரியோ இல்லையே!"

அவர்கள் சொன்னது சரி. ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். இந்தியாவின் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 50 முறைதான். மேரியோ நகர்வதும் இசை முன்னேறுவதும் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்ற கணக்கில் நடப்பதால், பால் டிவிக்காகச் செய்த நகலில் ஆட்டம் முழுவதும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். ஐரோப்பாவில் விற்ற அசல் கருவியிலும் இந்த மந்தம் உண்டு; அதில் செயலியின் வேகத்தையும் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்திருந்ததால் சுருதியும் இறங்கிவிடும். நகல் செய்தவர்கள் செயலியை ஏறக்குறைய ஜப்பானிய வேகத்திலேயே, 1.77-இல், வைத்தார்கள். அதனால் தாளம் தளர்ந்தாலும் சுருதி இறங்கவில்லை.

இன்னொரு விசித்திரம் ஒலியில். ஃபேமிகாம் இசைக்குப் பயன்படுத்தும் சதுர வடிவ ஒலி அலைக்கு, ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து, 50 சதவீதம், 25 சதவீதம் என்று வெவ்வேறு அகலங்கள் உண்டு. பல நகல் சில்லுகளில் இந்த இரண்டும் இடம் மாறிக்கிடக்கும். கனமாக, குழைவாக வர வேண்டிய மேரியோ இசை நம் வீடுகளில் மூக்கால் பாடுவதுபோல் ஒலித்தது அதனால்தான்.

மெசெனில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பிரதேசம் என்ற இடத்தில் 'டெண்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ரஷ்யாவில் 1992-இல் விற்பனைக்கு வந்த நகலின் பெயர். ஒலி அமைப்பில் சதுர அலையின் அகலங்களை இடம் மாற்றும் விருப்பம் இருக்கும், அதையும் இயக்குங்கள். நண்பரின் மடிக்கணினியில் இரண்டையும் மாற்றிவிட்டு மேரியோவைத் திரும்ப ஓடவிட்டபோது, அடுக்களையிலிருந்த அவர் அக்கா "இப்போதுதான் சரியாகக் கேட்கிறது" என்று குரல் கொடுத்தார். ஏக்கத்தில் பல ஆயிரம் செலவழித்து அசல் ஃபேமிகாம் வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டு அமைப்புகளையும் மாற்றிப் பாருங்கள்.

வாத்து வேட்டை:

எல்லாம் சரி, டிவியில் பறக்கும் வாத்தைச் சுட அந்தப் பெட்டியில் செருகிய பொம்மைத் துப்பாக்கிக்கு என்ன செய்வீர்கள்? எமுலேட்டரில் சுட்டியால் வாத்தைச் சொடுக்கலாம். இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும்.

விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டிவியில் வெளிச்சம் அந்தக் கணத்திலேயே வந்துவிடும். எல்சிடி திரை படத்தை வாங்கி, சரிப்படுத்தி, பிறகே காட்டுகிறது. அதற்குள் ஆட்டம் 'தவறிவிட்டது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. எங்கள் 21 அங்குல டிவியை எடைக்குப் போட நான் விடாததற்கு இந்த ஒரே ஆட்டம்தான் காரணம். வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன், பரவாயில்லை.

எக்ஸ் பொத்தான்:

நான் பிளேஸ்டேஷன் 2 தலைமுறை. பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரின் படத்துக்குப் பக்கத்தில் அசல் கருவி நிற்கவே முடியாது. நான்கு மடங்கு தெளிவில் கிரான் டூரிஸ்மோ 4-ஐப் பார்த்துவிட்டால் பழைய மங்கலுக்குத் திரும்ப மனம் வராது. 8 எம்பி மெமரி கார்டில் எதை அழிப்பது என்று தம்பியோடு சண்டையும் இல்லை.

ஆனால் கை ஏமாந்துபோகிறது. பிஎஸ்2 கன்ட்ரோலரின் பொத்தான்கள் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும். கிரான் டூரிஸ்மோவில் எக்ஸ் பொத்தானை மெல்ல அழுத்தினால் வண்டி மெல்லப் போகும். மெட்டல் கியர் சாலிட் 3-இல் எதிரியைப் பிடித்திருக்கும்போது வட்டப் பொத்தானை இலேசாகப் பிடித்தால் பிடி நிற்கும். அழுத்திவிட்டால் நம் ஆள் அவன் கழுத்தை அறுத்துவிடுவான். இன்றைய கன்ட்ரோலர்களில் அந்தப் பொத்தான்களுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைதான். எமுலேட்டரில் 'பாதி அழுத்தம்' என்று தனிப் பொத்தான் ஒதுக்கலாம். ஆனால் எதிரி கையில் சிக்கியிருக்கும் பதற்றத்தில் அந்த இன்னொரு பொத்தானை யார் தேடுவது?

பிஎஸ்3 கன்ட்ரோலரிலும் அந்த அழுத்த அளவு இருக்கிறது. அதைக் கணினியில் இணைத்து இந்த ஆட்டங்களை ஆடியவர்கள் இருந்தால் எழுதுங்கள், அதற்கு எந்த டிரைவர் மென்பொருள் என்பதையும் சேர்த்து.