பை 4-ல் ரிஸ்க் ஓஎஸ்: பழைய கார்டு பூட் ஆகவில்லை

கொழிஞ்சாம்பாறை_பையன்:
வணக்கமுங்க. எங்க மாமா டியூஷன் எடுத்த காலத்தில் ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினி போர்டில் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளம் போட்டு, பிள்ளைகளுக்கு பேசிக் நிரல்மொழி சொல்லிக்கொடுத்தார். போர்டு இப்போது வேலந்தாவளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கிடக்கிறது. அதன் மெமரி கார்டு மட்டும் என் கையில். அதை என் பை 4-ல் சொருகினால் திரை கருப்பு. பச்சை விளக்கு நாலு தடவை சிமிட்டும், கொஞ்சம் நிற்கும், மறுபடி நாலு. வேறு கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நன்றாகவே ஓடுகிறது. மாமாவின் கார்டு செத்துப்போச்சா?

சாலிடர்_மணி (பொள்ளாச்சி):
சாகவில்லை தம்பி. விளக்கே பதில் சொல்லிவிட்டது. நாலு சிமிட்டல் என்றால் ஸ்டார்ட் ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது போர்டைத் துவக்கும் கோப்பு, கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஏழு என்றால் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையக் கோப்பு, இல்லை.

பை-யில் முதலில் கண் விழிப்பது சிபியு இல்லை, திரைப்படத்தைக் கவனிக்கும் ஜிபியு. பை 3, கார்டில் விண்டோஸும் படிக்கக்கூடிய ஃபேட் பகுதியிலிருந்து 'பூட்கோட்.பின்', அப்புறம் 'ஸ்டார்ட்.எல்ஃப்' என்று வரிசையாக எடுக்கும். 2019-ல் வந்த பை 4-க்கு முதல் படி போர்டிலேயே ஈப்ராம் என்ற நினைவகச் சில்லில் இருக்கிறது. அது தேடுவது 'ஸ்டார்ட்4.எல்ஃப்'. மாமா கார்டில் அது எப்படி இருக்கும்?

அந்தக் கோப்பை மட்டும் காப்பி பண்ணிப் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீங்க. வானவில் திரை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். பழைய ரிஸ்க் ஓஎஸ்ஸுக்கு பை 4-ன் சிப்பே தெரியாது. ரிஸ்க் ஓஎஸ் 5.30 இமேஜை (முழு கார்டின் நகல் கோப்பு) வேறு கார்டில் எழுதுங்க. 2024-ல் வந்தது, போர்டில் உள்ள வைஃபையும் வேலை செய்யும்.

முக்கியமாக, மாமா கார்டை விண்டோஸில் போட்டால் சின்ன ஃபேட் பகுதிதான் தெரியும். காலி கார்டு என்று நினைத்து மேலே எழுதிவிடாதீங்க! வேலந்தாவளம் போய் அந்த பை 3-லேயே பூட் செய்து, ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் எடுங்க.

வாளையார்_பிஎஸ்டி:
நாலு கோர் இருக்கிற போர்டில் ஒரே கோரை ஓட்டும் ஓஎஸ் எதற்குங்க? யுனிக்ஸ் வகை ஓஎஸ்ஸான நெட்பிஎஸ்டி போடுங்க. கூடவே பை-யின் பின்களை வேறு கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் ஒரு யுஎஸ்பி டிடிஎல் கேபிள் வாங்குங்க. பை-யில் 6-வது பின் கிரவுண்ட், 8 அனுப்புவது, 10 வாங்குவது, வேகம் 115200. திரை கருப்பாக இருந்தாலும் எங்கே நின்றது என்று எழுத்தில் வந்துவிடும். 3.3 வோல்ட் கேபிள்தான். 5 வோல்ட் கொடுத்தால் அந்தப் பின் போச்சு.

சாலிடர்_மணி:
கேபிள் யோசனை சரி. ஆனால் அவர் கேட்பது மாமாவின் பேசிக். நெட்பிஎஸ்டியில் அதை எங்கே போய்த் தேடுவார்?

கொழிஞ்சாம்பாறை_பையன்:
ரொம்ப நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளம் போய் எல்லாக் கோப்பையும் எடுத்துவிட்டேன். 5.30 பை 4-ல் பூட் ஆகிறது. ஆனால் எந்த ஜன்னலிலும் மெனுவே காணோம், வலது கிளிக் செய்தாலும் வருவதில்லை.

சாலிடர்_மணி:
மெனு நடு பட்டனில். சக்கரத்தையே அழுத்துங்க. பேசிக் வேண்டுமானால் எஃப்12 தட்டி, 'பேசிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர்.