மறுமொழி: ‘ரூம் டோன்’ – களச்சுருதி என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒலிப்பதிவில் ‘ரூம் டோன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்லைக் கேட்டு மடல் போட்டதற்கு இத்தனை மறுமொழி வரும் என்று நான் நினைக்கவில்லை. ‘வைட் பேலன்ஸ்’ (படத்தில் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவைச் சரிசெய்வது) பற்றிக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே ‘வெண்சமன்’ என்று வைத்துக்கொண்டு போய்விட்டேன். காதுக்கே சரியாகக் கேட்காத ஒன்றுக்குப் பெயர் வைக்கப் போனால் இவ்வளவு சத்தம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் சனிக்கிழமைகளில் உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சிச் செய்தி தயாரிப்பைத் தமிழில் சொல்லித் தருகிறேன். கேமராவை முக்காலியில் பூட்டுவதிலிருந்து, பேட்டி எடுத்து, வெட்டி ஒட்டி மூன்று நிமிடச் செய்தியாக்குவது வரை. அதற்கு ஒரு சிறு கைந்நூல் எழுதுகிறேன். அதில்தான் இந்தச் சொல் இடறியது.

இடறிய கதை இது. என் மாணவர்கள் இருவர் தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குப் போய், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவைப் பேட்டி எடுத்து வந்தார்கள். படம் நன்றாகவே இருந்தது. தலைக்கு மேல் அளவான இடம், பார்க்கும் திசையில் கொஞ்சம் கூடுதல் இடம், சன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். தாத்தாவும் தாராளமாகப் பேசினார். தொகுக்க உட்கார்ந்தபோதுதான் வினை. கேள்வி கேட்டவன் குரலை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடங்களில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது. போட்டுக் கேட்டோம். தாத்தா பேசும்போது பின்னால் மின்விசிறி ஓடுகிறது, குளிர்பதனப் பெட்டி முனகுகிறது. வெட்டு வந்ததும் எல்லாம் பட்டென்று நின்று, காதில் பஞ்சை அடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி எல்லாம் உயிர்பெறுகிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பையன் சொன்னான்: “சார், தாத்தா செத்துச் செத்துப் பிழைக்கிறார்.”

அந்த ஓட்டையை அடைக்கும் பொருள்தான் ரூம் டோன். பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல், பேசாமல், மைக்கை இருந்த இடத்திலேயே வைத்து, அந்த இடத்தின் ஒலியை முப்பது விநாடியோ ஒரு நிமிடமோ தனியாகப் பதிந்துகொள்வது. யாரும் எழுந்து போய்விடக் கூடாது. ஆட்கள் குறைந்தால் அறையின் ஒலியும் மாறும். ஒலியளவைத் தானியங்கியில் விட்டுவிடவும் கூடாது. பேச்சு நின்றதும் கருவி “ஏதோ குறைகிறது” என்று தானாகவே அளவை ஏற்றிவிடும். மின்விசிறி சாங்கியில் விமானம் இறங்குவதுபோல் இரையும்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> அறைத் தொனி என்று நேராகவே சொல்லிவிடலாமே. எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

ஐயா, தமிழில் ‘தொனி’ குரலின் பாவத்துக்குப் போய்விட்டது. “அவர் பேசிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை” என்கிறோம். ‘அறை’யோ இன்னும் மோசம். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “அறைத் தொனி என்றால் கன்னத்தில் அறைகிற சத்தமா சார்?” என்று கடைசி வரிசையிலிருந்து கேள்வி வந்துவிட்டது. தவிர, இதைப் புளோக்கின் கீழ்த்தளத்திலும், பஸ் நிறுத்தத்திலும், பூங்காவிலும் எடுக்க வேண்டும். அங்கே அறை ஏது?

> ‘அறை அமைதி’ அல்லது ‘வெற்றமைதி’. அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது அக்கா. அந்த அழகை நம்பித்தான் நானும் ஏமாந்தேன். “பேட்டி முடிந்ததும் அறையின் அமைதியைப் பதிவு செய்” என்றுதான் முதல் வரைவில் எழுதியிருந்தேன். ஒரு மாணவி சொன்னதை அப்படியே செய்தாள். அமைதி வேண்டுமென்று எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள், சன்னலைச் சாத்தினாள், குளிர்பதனப் பெட்டியின் செருகியையும் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுமையாகப் பதிந்து வந்தாள். நல்ல பிள்ளை. பதிவுதான் பத்துக் காசுக்குத் தேறவில்லை. பேட்டியின்போது ஓடியது எல்லாம் இதிலும் ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் வித்தையே. தப்பு அவளுடையது அல்ல, நான் கொடுத்த சொல்லினுடையது.

(குளிர்பதனப் பெட்டியை நிறுத்துவதென்றால் பேட்டிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போட, கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். என் பிள்ளைகளிடம் கார் ஏது? பஸ், ரயிலுக்கான ஈசிலிங்க் அட்டையை வைக்கச் சொல்கிறேன்.)

> சூழலொலி, பின்னணி ஒலி என்று ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, வேறு வேலையில் இருக்கின்றன. தேக்கா சந்தையில் மீன் வெட்டும் கத்தி பலகையில் விழும் சத்தம், தள்ளுவண்டி உருளும் சத்தம், கடைக்காரர் விலை சொல்லும் குரல், இவையெல்லாம் சூழலொலி. அது செய்தியின் பகுதி. பார்ப்பவர் காதில் விழ வேண்டும் என்றே எடுக்கிறோம். ரூம் டோன் நேர் எதிர். அதை ஒருவரும் கவனிக்காமல் இருந்தால்தான் வேலை சரியாக நடந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

> இடவொலி. சிறியது, தூய தமிழ்.

இதற்கு நான்கு பேர் வழிமொழிந்தீர்கள். நானும் இரண்டு நாள் இதையே கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கைந்நூலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினால், “இடவொலி, வலவொலி இரண்டின் அளவும் சமமாக இருக்கிறதா என்று பார்” என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டீரியோவின் இடப்பக்கம். ஒலி பற்றிய நூலிலேயே இடம் என்றால் இடதா, தலமா என்று திகைக்க வைப்பது நியாயமில்லை.

> அப்படியானால் ‘கள ஒலி’ என்று வைக்கலாம்.

வைக்கலாம். சேர்த்து எழுதுங்கள் பார்ப்போம்: களவொலி! திருட்டுச் சத்தம் என்பார்கள். சங்க இலக்கியம் படித்தவர்கள் வேறு ஏதாவது நினைப்பார்கள். பிரித்தே எழுதலாம் என்பீர்கள். பேச்சில் எப்படிப் பிரிப்பது?

ஆனால் ‘களம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. களச் செய்தியாளர், களப்பணி என்று நம் துறையில் அது ஏற்கெனவே புழங்குகிறது. அறைக்கும் பொருந்தும், வெட்டவெளிக்கும் பொருந்தும். ஒட்ட வேண்டியது ஒலி அல்ல, வேறொன்று. அதைத் தேடும்போதுதான் தம்புரா ஞாபகம் வந்தது.

கச்சேரியில் தம்புராவை யாரும் கேட்பதற்காகப் போவதில்லை. பாட்டும் வயலினும் மிருதங்கமும்தான் காதில் நிற்கின்றன. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், மிருதங்கம் ஓயும் இடத்தில், அடியில் ஒன்று விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சுருதிப்பெட்டி நடுவில் நின்றுபோனால்தான் அரங்கமே நிமிர்ந்து பார்க்கும். ரூம் டோன் செய்வதும் இதையேதான். பேட்டி கொடுப்பவர் பாட்டு, அவர் இருக்கும் இடம் சுருதி. ஆகவே: களச்சுருதி.

“சுருதி ஒரு குறித்த சுரம், ரூம் டோனுக்குச் சுரமே இல்லையே” என்று இசை தெரிந்த ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரும் பழைய குழல்விளக்கின் சோக்கும் முனகும்போது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில்தான் முனகுகின்றன. ஆனால் என் வாதம் அதில் நிற்கவில்லை. நான் கடன் வாங்குவது சுரத்தை அல்ல, சுருதியின் வேலையை.

“சுருதி வடசொல், ஒத்து என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே” என்பது புலவர் ஐயாவின் வாதம். ஐயா சொல்வது உண்மை. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் ஊதுவது ஒத்துதான். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ‘ஒத்து ஊதுவது’ என்றால் இன்று என்ன பொருள் என்று ஐயாவுக்கே தெரியும். பதினைந்து வயதுச் செய்தியாளனிடம் “பேட்டி முடிந்ததும் ஒத்து எடு” என்று நான் சொன்னால், அவன் எந்த அமைச்சருக்கு என்று கேட்பான். சுருதியைச் ‘சுதி’ என்று ஆக்கித் தமிழ் தன் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்திருக்கிறது. ‘களச்சுதி’ என்று யாராவது எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. ‘சுதி ஏறுவது’ நினைவுக்கு வரும் என்பதால் கைந்நூலில் மட்டும் சுருதி.

இன்னொரு மடல் இப்படி முடிந்திருந்தது:

> கேமராவைக் கேமரா என்கிறீர்கள், மைக்கை மைக் என்கிறீர்கள். இதையும் ரூம் டோன் என்று விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

நியாயமான கேள்வி. கேமராவைக் கையில் கொடுத்து “இது கேமரா” என்றால் முடிந்தது. பெயர் எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன? ரூம் டோனைக் கையில் கொடுக்க முடியாது. கேட்கவும் முடியாது, இல்லாதபோதுதான் கேட்கும். அப்படிப்பட்ட பொருளுக்குச் சொல்தான் கை. ‘அமைதி’ என்று சொன்னேன், பிள்ளை விசிறியை நிறுத்தினாள். ‘சுருதி’ என்று சொன்னால் நிறுத்த மாட்டாள்; சுருதி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். இங்கே பல பிள்ளைகள் பாட்டோ பரதமோ கற்கிறார்கள். கற்காதவர்களும் கைப்பேசியில் சுருதி போடும் அக்காவைப் பார்த்திருப்பார்கள். நல்ல சொல் ஊன்றிவிடும் என்பதற்கு இந்த ஊரிலேயே ‘ஹாக்கர் சென்டர்’ என்பதற்கு ‘உணவங்காடி’ இருக்கிறது. இன்று யாராவது அதைக் கலைச்சொல் என்று நினைக்கிறார்களா?

ஓட்டை விழாமலே பேட்டி எடுக்க முடியாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். குறைக்கலாம். கேள்வியை வெட்டிவிடுவோம் என்பதால், “கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்” என்று முன்பே சொல்லி வைக்கிறோம். ‘ஆ’வில் முடியும் கேள்வியை என் வகுப்பில் தடை செய்திருக்கிறேன். “வேலை கடினமாக இருந்ததா?” என்றால் “ஆமாம்” என்றுதான் வரும், அந்த ஆமாமை வைத்து என்ன செய்வது? “முதல் நாள் மூட்டையை எப்படித் தூக்கினீர்கள்?” என்று கேட்டால் தாத்தா எழுந்து தூக்கியே காட்டிவிடுவார். நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. அந்த எட்டில் ‘இனமொழி’ என்று ஒன்று உண்டு: கேட்டதற்கு நேர்ப்பதில் தராமல் அதற்கு இனமான ஒன்றைச் சொல்வது. பேட்டி எடுக்கப் போகிறவனுக்கு அந்த ஒரு சொல் போதும், பாதி உலகத்தை அடையாளம் கண்டுகொள்வான்.

வானொலியில் நெடுங்காலம் வேலை பார்த்த அம்மையார் எச்சரித்ததைக் கைந்நூலில் அப்படியே சேர்க்கிறேன். களச்சுருதி கையில் இருந்தால் யாருடைய மௌனத்தையும் நீட்டலாம். உடனே பதில் சொன்னவரை நான்கு விநாடி தயங்கியவராகக் காட்டிவிடலாம். ஒட்டு தெரியவே தெரியாது. ஆகவே கைந்நூலில் இந்தச் சொல்லின் விளக்கம் இப்படி இருக்கும்:

களச்சுருதி: பேட்டி நடந்த இடத்தில் அதே மைக், அதே அளவு, அதே ஆட்களோடு, பேச்சின்றித் தனியாகப் பதியும் இடத்தின் ஒலி. வெட்டிய இடங்களை நிரப்ப மட்டும். பேசியவரின் தயக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

சனிக்கிழமை இந்தச் சொல்லை வகுப்பில் ஓட்டிப் பார்த்தேன். தாத்தா வீட்டுக்கு மறுபடி போய் எடுத்து வந்தார்கள். இரண்டாம் முறை வெளியில் ஒரு குயில் இடைவிடாமல் கூவியிருக்கிறது. முதல் பேட்டியில் குயில் இல்லை. ஹெட்போனை மாட்டிய ஐந்தாவது விநாடியில் பையன் முகத்தைச் சுளித்தான். “சார், சுருதி சேரவில்லை” என்றான். களத்தை அவனே உதிர்த்துவிட்டான், நான் திருத்தவில்லை. குயில் மூச்சு விட்ட இடத்தில் ஆறு விநாடி கிடைத்தது. அதையே மடித்து மடித்து ஒட்டிச் சமாளித்தோம்.

கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. களச்சுருதிக்கு மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அடுத்து பி-ரோல், அதாவது பேசுபவரின் குரல் ஓடும்போது மேலே காட்டும் துணைக்காட்சிகள். பழைய படச்சுருளைத் தொகுத்த காலத்தில் ஒட்டு தெரியாமல் இருக்க ஏ, பி என்று இரண்டு சுருள்களில் காட்சிகளை மாற்றி மாற்றி அடுக்கியதன் மிச்சம் அந்தப் பெயர். இப்போது சுருளும் இல்லை, ஒட்டும் இல்லை. பிள்ளைகள் ‘பி’ என்றால் இரண்டாந்தரம் என்று நினைத்து ஏனோதானோ என்று எடுத்து வருகிறார்கள். தயவுசெய்து யாரும் ‘இரண்டாம் சுருள்’ என்று எழுதி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து